அண்டத்தின் ஆதியும் தாழம்பூவின் சாட்சியும்



இம்மலரில் வழமையாகத் திருவிழாவின் தத்துவம், விரத மகிமை, நாயன்மார் வரலாறு போன்ற விடயங்களையே எழுதுவோம். இம்முறை சற்றுப் புதிய விடயம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் நமது பிள்ளைகள். அறநெறிப் பாடசாலைக்கு வருபவர்களும், உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிப்பவர்களும் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். “பள்ளிக்கூடத்தில் அண்டம் பெருவெடிப்பில் தொடங்கியது என்று படிக்கிறோம். கோயிலில் சிவபெருமான் படைத்தார் என்கிறீர்கள். எது சரி?” என்பதே அக்கேள்வி.

பெரியவர்களாகிய நாம் இதற்குப் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் சொல்கிறோம். “இதெல்லாம் எங்கள் முன்னோர் எப்போதோ சொல்லிவிட்டார்கள். வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடிக்கிறான்” என்கிறோம். சொல்லும்போது நமக்குப் பெருமையாக இருக்கிறது. கேட்கும் பிள்ளை பேசாமல் போய்விடுகிறது. அந்த விடை உண்மையானதா, அதனால் சைவத்துக்கு உயர்வு உண்டாகிறதா என்பதை நாம் ஆற அமரச் சிந்திக்க வேண்டும். அதற்கு முதலில் விஞ்ஞானிகள் உண்மையில் என்ன சொல்கிறார்கள் என்பதை அறிந்துகொள்வோம்.

பழைய ஒளி

அண்டத்தின் வயது ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள் என்பது இன்றைய கணிப்பு. தொடக்கத்தில் அது மிகச் சிறியதாகவும், நினைத்துப் பார்க்க முடியாத வெப்பம் உடையதாகவும் இருந்து, பின் விரிந்து குளிர்ந்தது. ஏறக்குறைய 3 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் சென்றபின், ஒளி தடையின்றிப் பயணம் செய்யும் அளவுக்கு வெளி தெளிந்தது. அந்த ஒளி இன்றும் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் இப்போது அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணலையாக மாறிவிட்டது. அதன் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 270 பாகை செல்சியஸ் அளவில் உள்ளது.

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1964 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஆர்னோ பென்சியாஸ், ரொபேர்ட் வில்சன் என்ற இருவர் ஒரு பெரிய அன்ரனாவை வைத்து ஆய்வு செய்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவான இரைச்சல் கேட்டது. அன்ரனாவுக்குள் புறாக்கள் கூடுகட்டி எச்சமிட்டிருந்தன. அதுதான் காரணமோ என்று எண்ணி முழுவதையும் கழுவித் துடைத்தார்கள். இரைச்சல் போகவில்லை. 1965 இல்தான் அது அண்டத்தின் ஆதிகாலத்து ஒளி என்பது தெரியவந்தது. 1978 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அன்ரனா பூட்டிப் பார்த்த பழைய தொலைக்காட்சியில், நிலையம் எதுவும் பிடிக்காத இடத்தில் புள்ளி புள்ளியாகத் துடித்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதிலும் ஒரு சிறு பங்கு இந்த ஒளியினுடையதே.

ஒரே சூட்டில் இரு கஞ்சிப்பானை

இந்த ஒளியே விஞ்ஞானிகளுக்கு ஒரு பெரிய சிக்கலையும் கொண்டுவந்தது. வானத்தின் கிழக்கு எல்லையிலிருந்து வரும் ஒளிக்கும் மேற்கு எல்லையிலிருந்து வரும் ஒளிக்கும் ஒரே வெப்பநிலை. வித்தியாசம் ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு அளவுதான்.

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். ஒன்றையொன்று அறியாத இரண்டு தூரத்து ஊர்களில், இரண்டு வீடுகளில் கஞ்சி இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் இரண்டும் இம்மியளவும் பிசகாமல் ஒரே சூடு. தற்செயல் என்று யாராவது நம்புவார்களா? ஒரே கிடாரத்தில் காய்ச்சி, சற்றுமுன் பிரித்துக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்றுதான் நினைப்போம். ஆனால் வானத்தின் இரு எல்லைகளும், பழைய கணக்கின்படி, ஒன்றோடொன்று ஒருபோதும் சேர்ந்திருக்க நேரமே இருக்கவில்லை. ஒளிகூட ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆதியில் அண்டத்தின் அடர்த்தி மிக நுண்ணிய அளவு கூடியிருந்தால் அது விரைவில் சுருங்கி அழிந்திருக்கும். குறைந்திருந்தால் நட்சத்திரங்கள் உண்டாக முன்னரே எல்லாம் சிதறிப் போயிருக்கும். கூடாமலும் குறையாமலும் அது எப்படிச் சரியாக அமைந்தது என்பது விளங்கவில்லை.

அண்டவீக்கம்

1979 டிசெம்பரில், அலன் கூத் என்ற 32 வயது அமெரிக்க பௌதிகவியலாளர் ஒரு நாள் இரவு முழுவதும் கணக்குப் பார்த்து இதற்கு ஒரு விடை கண்டார். நிரந்தர வேலைகூட அப்போது அவருக்கு இருக்கவில்லை. அவர் கண்ட விடையே அண்டவீக்கக் கொள்கை. ஆங்கிலத்தில் பணவீக்கத்துக்கும் இதற்கும் ஒரே சொல்தான். பணவீக்கம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை!

கொள்கையின் சாரம் இதுதான். முதலாவது செக்கனின் மிக மிகச் சிறிய ஒரு பகுதிக்குள் அண்டம் சாதாரணமாக விரியாமல், இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று இரட்டித்து இரட்டித்து வீங்கியது. சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று வைக்கக் கேட்ட புலவனின் கதை நமக்குத் தெரியும். 64 கட்டம் நிரம்பு முன்னரே அரசனின் களஞ்சியம் காலியாகிவிடும். அண்டமோ 80 தடவைக்கு மேல் இரட்டித்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதாவது 1 என்ற எண்ணுக்குப் பின்னால் 26 பூச்சியம் போட்டால் வரும் அளவு மடங்கு. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தைக் கோடி கோடியாகப் பிரித்தாலும் எட்டாத ஒரு நுண்கணத்துக்குள் நடந்தது.

இதை ஏற்றுக்கொண்டால் இரண்டு சிக்கலும் தீருகின்றன. இன்று வானத்தின் இரு எல்லைகளில் இருப்பவை வீக்கத்துக்கு முன் ஒரே கிடாரத்துக் கஞ்சிதான். ஆகவேதான் ஒரே சூடு. அடர்த்தியின் சிக்கலும் அவ்வாறே. நமது வயல்வெளியில் நின்று பார்த்தால் பூமி தட்டையாகத் தெரிகிறது. உருண்டையின் வளைவு தெரியாத அளவுக்குப் பூமி பெரியது. அதுபோல அண்டமும் வீங்கி வீங்கி, அதன் வளைவு நமக்குத் தென்படாத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. வெளியின் வளைவும் அடர்த்தியும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வளைவு நீங்கியதும் அடர்த்தி தானாகவே சரியான அளவுக்கு வந்துவிட்டது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கூத் தமது கட்டுரையை 1981 இல் வெளியிட்டபோது, தமது கொள்கையில் ஒரு குறை இருப்பதை அந்தக் கட்டுரையின் முன்சுருக்கத்திலேயே எழுதினார். வீக்கம் ஒழுங்காக முடிவுக்கு வரும் வழி அவருக்குத் தெரியவில்லை. குறையை மறைக்காமல், திருத்தம் தேவை என்று உலகத்துக்குச் சொன்னார். அதன்பின் ரஷ்யாவில் அந்திரே லிண்டேயும், அமெரிக்காவில் அந்திரியாஸ் அல்பிரெக்ட், போல் ஸ்டைன்ஹார்ட் ஆகியோரும் வழி கண்டார்கள். ரஷ்யாவின் அலெக்சி ஸ்டாரோபின்ஸ்கி கூத்துக்கு முன்னரே, 1980 இல், வேறு வழியால் இதற்கு நெருங்கிய ஒரு கருத்தை வெளியிட்டிருந்தார்.

பின்னர் இன்னொரு வியப்பும் வெளிப்பட்டது. அணுவினும் சிறிய அளவில் எதுவும் அசைவற்று இருப்பதில்லை. எப்போதும் ஒரு சிறு நடுக்கம் உண்டு. வீக்கத்தின்போது அந்த நடுக்கங்களும் சேர்ந்து பெருத்தன. சற்று அடர்த்தி கூடிய இடங்கள் பின்னாளில் ஈர்ப்பினால் பொருளைச் சேர்த்து நட்சத்திரக் கூட்டங்களாயின. நமது பால்வீதியும், சூரியனும், நாம் நிற்கும் இந்த மண்ணும் அப்படி ஒரு சிறு நடுக்கத்தின் வழிவந்தவையே. அந்த நடுக்கத்தின் தடம் பழைய ஒளியில் இருப்பதை ‘கோப்’ என்ற செய்மதியின் ஆய்வாளர்கள் 1992 இல் அறிவித்தார்கள். அச்செய்மதியின் ஆய்வுக்காக ஜோன் மாதர், ஜோர்ஜ் ஸ்மூட் இருவருக்கும் 2006 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பின்னர் ‘பிளாங்க்’ செய்மதி 2013 இல் வெளியிட்ட நுணுக்கமான அளவீடுகளும் இக்கொள்கையோடு நன்கு பொருந்தின.

தென்துருவத்துத் தூசி

ஆயினும் பொருந்துவது வேறு, நிரூபிக்கப்படுவது வேறு. வீக்கம் நடந்திருந்தால் வெளியிலே ஈர்ப்பு அலைகள் எழுந்திருக்க வேண்டும்; அவை பழைய ஒளியில் சுழிபோன்ற ஒரு கோலத்தைப் பதித்திருக்க வேண்டும். 2014 மார்ச் 17 ஆம் திகதி, தென்துருவத்தில் ‘பைசெப் 2’ என்ற தொலைகாட்டியை வைத்து ஆய்வு செய்த குழுவினர் அந்தக் கோலத்தைக் கண்டுவிட்டதாக அறிவித்தார்கள். உலகமெங்கும் பத்திரிகைகள் எழுதின. குழுவில் ஒருவர் லிண்டேயின் வீட்டுக் கதவைத் தட்டிச் செய்தி சொன்ன காட்சியைப் பலர் பார்த்தார்கள். அந்த மகிழ்ச்சியிலும் லிண்டே, இது அழகாக இருக்கிறது என்பதற்காகவே தாம் நம்பிவிடுகிறோமோ என்ற ஐயத்தையும் வெளியிட்டார்.

அந்த ஐயம் வீண்போகவில்லை. பிளாங்க் செய்மதியின் தரவுகளோடு ஒப்பிட்டபோது, அவர்கள் கண்டதற்குப் பெரும்பாலும் காரணம் நமது பால்வீதியில் மிதக்கும் தூசி என்று தெரிந்தது. 2015 ஜனவரி இறுதியில் இரு குழுவினரும் சேர்ந்தே அதை வெளியிட்டார்கள். தூசியைக் கண்டு அண்டத்தின் ஆதி என்று எண்ணியிருந்தார்கள். 1964 இல் நடந்ததோ இதற்கு எதிர்மாறு. அன்று ஆதி ஒளியையே புறா எச்சம் என்று எண்ணினார்கள். இரண்டிலும் உண்மையைக் காட்டியது திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்ததுதான்.

2021 இல் வெளிவந்த இன்னும் நுட்பமான முடிவுகளிலும் அந்த அலைகள் அகப்படவில்லை. கொள்கையை உருவாக்கியவர்களில் ஒருவராகிய ஸ்டைன்ஹார்ட்டே பின்னர் அதன் கடுமையான விமர்சகராகிவிட்டார். 2017 இல் அவரும் வேறு இருவரும் எழுதிய கட்டுரைக்கு, கூத், லிண்டே உட்பட 33 விஞ்ஞானிகள் கையொப்பமிட்டு மறுப்பு எழுதினார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

அடிமுடி தேடிய கதை

அன்பான அடியார்களே, இப்போது நமது வீட்டுக்கு வருவோம். சிவாலயங்களில் கருவறையின் பின்சுவரில் பெரும்பாலும் இலிங்கோற்பவ மூர்த்தியைக் காண்கிறோம். பிரமனும் திருமாலும் தம்மில் யார் பெரியவர் என்று பிணங்கியபோது, எம்பெருமான் அடியும் முடியும் காணமுடியாத சோதியாக நின்றார். திருமால் பன்றியாகி நிலத்தை அகழ்ந்து போனார். காணமுடியாமல் திரும்பிவந்து, “காணவில்லை” என்று உண்மையைச் சொன்னார். அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. பிரமன் அன்னமாகி மேலே பறந்தார். முடியைக் காணவில்லை. வழியில் கீழே விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, தாம் முடியைக் கண்டதாகச் சாட்சி சொல்ல வைத்தார். பொய் சொன்ன பிரமனுக்குக் கோயில் இல்லாமற் போயிற்று. பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூ சிவபூசைக்கு ஆகாததாயிற்று.

இக்கதையில் தேடியது குற்றமென்று சொல்லப்படவில்லை. காணமுடியாமற் போனதும் குற்றமில்லை. காணாததைக் கண்டேன் என்றதே குற்றம்.

நாம் இன்று மேடைகளில் என்ன செய்கிறோம்? அண்டம் விரிகிறது என்பதைத் திருவாசகத்தின் திருவண்டப்பகுதியிலேயே மாணிக்கவாசக சுவாமிகள் சொல்லிவிட்டார், விஞ்ஞானிகள் அதை இப்போதுதான் நிரூபித்தார்கள் என்கிறோம். அமெரிக்க விண்வெளி நிறுவனமே ஏற்றுக்கொண்டது என்றும் சிலர் சேர்த்துச் சொல்கிறார்கள். நான் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராகப் பணிபுரிந்தவன். மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் ‘உண்மைப் பிரதி’ என்று முத்திரை குத்தக்கூடாது என்பது அங்கே முதற்பாடம். நிறுவனத்தின் எந்த அறிக்கை, எந்த ஆண்டு என்று கேட்டால் சொல்ல நம்மிடம் எதுவும் இல்லை. நாம் சைவத்துக்காகத்தான் பேசுகிறோம் என்று நினைக்கிறோம். ஆனால் அது தாழம்பூவின் சாட்சி. எம்பெருமான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

திருவண்டப்பகுதியைப் பாராயணம் செய்பவர்களுக்குச் சுவாமிகள் அங்கே எதைச் சொல்ல வருகிறார் என்பது தெரியும். எண்ணிக்கைக்கு அடங்காத அந்த அண்டங்கள் எல்லாம், வீட்டுக் கூரை இடுக்கால் நுழையும் வெயிற்கதிரில் மிதக்கும் தூசிபோலச் சிறியனவாகத் தோன்றும்படி இறைவன் பெரியவன் என்று அவர் உருகுகிறார். அது அளவீடு அன்று, வழிபாடு. அதை ஒரு பௌதிகக் கட்டுரையாக்கினால் குறைந்துபோவது திருவாசகமே.

ஒரு குருவானவரின் பாடம்

இதில் நமக்கு வழிகாட்டக்கூடிய ஒருவர் வேறு சமயத்தவர். பெல்ஜியம் நாட்டவரான ஜோர்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்க குருவானவர், அதேவேளை பெரிய கணித விஞ்ஞானி. அண்டம் விரிகிறது என்பதை 1927 இலும், அது ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்ற கருத்தை 1931 இலும் வெளியிட்டவர் அவர்தான். 1951 இல் பாப்பரசர் 12 ஆம் பயஸ், இந்த விஞ்ஞானம் கடவுளின் படைப்புக்குச் சான்று பகர்கிறது என்ற கருத்தில் உரையாற்றினார். லெமைத்ர் மகிழ்ந்திருப்பார் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அவர் அதை விரும்பவில்லை. தமது கொள்கை சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது என்பதே அவரது நிலைப்பாடு. காலையில் பூசை ஒப்புக்கொடுத்து, பின் கணக்குப் பார்த்தவர் அவர். ஒன்றுக்கு மற்றதைச் சாட்சியாக அழைக்கவில்லை.

அவர் ஏன் அஞ்சினார் என்பதற்கு ஓர் உதாரணம். 1948 இல் பிரெட் ஹொயிலும் வேறு இருவரும், அண்டத்துக்குத் தொடக்கமே இல்லை, அது என்றும் ஒரே தன்மையாய் இருக்கிறது என்றார்கள். அன்று யாராவது, உலகத்துக்கு மூலமான மாயை அநாதி என்னும் நமது சித்தாந்தம் நிரூபிக்கப்பட்டது என்று மலர் வெளியிட்டிருந்தால், 1965 இல் பழைய ஒளி அகப்பட்டு அக்கொள்கை வீழ்ந்தபோது என்ன செய்வார்? சித்தாந்தமும் வீழ்ந்தது என்பாரா? அதுபோலவே அண்டவீக்கக் கொள்கையும் நிலைக்கலாம், கைவிடவும் படலாம். ஆட்டம் காணக்கூடிய கம்பத்தில் நமது கொடியைக் கட்டிவிட்டு, பின் பிள்ளைகளுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது என்று வருந்துவதில் பயனில்லை.

சைவம் சொல்வது என்ன?

அப்படியானால் சைவத்துக்குச் சொல்ல எதுவும் இல்லையா? நிறைய உண்டு. ஒரு குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். அவ்வாறே உலகத்துக்கு மாயை முதற்காரணம், சக்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணன் என்கிறது சித்தாந்தம். இதைக் கேட்டவுடன், வீக்கத்தை உண்டாக்கியதாக விஞ்ஞானிகள் சொல்லும் புலம்தான் மாயை என்று எழுத நமது கை துடிக்கும். அதுவும் தாழம்பூவே. வேண்டாம்.

சித்தாந்தத்தின் முக்கியமான கேள்வி, இந்த உலகம் யாருக்காக என்பது. ஆணவ மலத்தால் கட்டுண்ட உயிர்கள் அறிவு விளங்கி வீடுபேறு அடைவதற்காக, உடம்பையும் கருவிகளையும் உலகத்தையும் நுகர்பொருள்களையும் இறைவன் கருணையினால் தந்தான் என்பது அதன் விடை. தொலைகாட்டியால் இதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. வாழ்ந்துதான் பார்க்க வேண்டும்.

ஆணவம் என்பது கண்ணை மறைக்கும் இருள். ‘எனக்குத் தெரியும்’ என்ற எண்ணமாக அது நம்மிடம் வேலை செய்கிறது. தமது குறையைத் தாமே எழுதிய அலன் கூத், நாம் கண்டது தூசி என்று ஒப்புக்கொண்ட தென்துருவக் குழுவினர் ஆகியோரிடம் நாம் படிக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். அவர்கள் திருநீறு பூசியவர்கள் அல்லர். ஆனால் திருமாலைப்போல “காணவில்லை” என்று சொல்லும் நேர்மை அவர்களிடம் இருந்தது. திருநீறு பூசிய நாம் அதில் குறைந்தவர்களாக இருக்கலாமா?

ஆகவே அடியார்களிடம் மூன்று வேண்டுகோள். பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாமல், தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். “நீ படி தம்பி, படித்து எங்களுக்கும் சொல்லித் தா” என்று ஊக்கப்படுத்துங்கள். ஆலய மண்டபத்தில் பேசுவோர், விஞ்ஞானத்தின் பெயரால் எதைச் சொன்னாலும் அதை எங்கே வாசித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். நமது வாசிகசாலையில் தேவாரத் திருவாசகங்களின் பக்கத்தில் நல்ல விஞ்ஞான நூல்களும் இருக்கட்டும். இரண்டையும் படித்த பிள்ளை எதையும் தொலைத்துவிடாது.

எண்ணில்லாத அண்டங்களும் தூசியாகத் தோன்றப் பெரிதாய் நின்ற பெருமான், அந்தத் தூசியிலும் சிறிய நமது நெஞ்சிலும் எழுந்தருளி, உண்மை பேசும் திறத்தையும், அறியாததை அறியேன் என்னும் பணிவையும் நமக்கும் நமது பிள்ளைகளுக்கும் தந்தருள வேண்டுமென அவன் திருவடிகளை வணங்கி அமைகிறேன்.

திருச்சிற்றம்பலம்.